மூன்று கை போதும்

தோற்றது மாநிலம். நாங்கள் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆகஸ்டில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் வந்தார்கள். கருக்கலைப்புக்கு, அமெரிக்காவில் எங்கள் கான்சாஸ் மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை என்று எழுதிச் சேர்க்கலாமா என்பதுதான் மக்களிடம் கேட்ட கேள்வி. எங்கள் மாவட்டம் சேர்க்கலாம் என்று அடித்துச் சொன்னது. கிழக்கே நகரங்கள் கூடாது என்றன. அங்கே ஆள் அதிகம், அவ்வளவுதான்.

என் பெயர் இமெல்டா வாசிங்கர். என் கணவர் அர்பன் ஏலக்காரர். பண்ணைகள் கைமாறும்போது டிராக்டர், மாடு, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் அவர் நின்று கூவுவார். நான் கூட்டத்துக்குள் நின்று யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்வேன். ஒருவன் தொப்பியைத் தொட்டால் அது விலை கேட்பதா, தலை அரிப்பா என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. அதனால்தான் எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் இந்த ஓட்டு வேலையை என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சொல்வது பொய். நானே கேட்டு வாங்கினேன்.

தேர்தல் முடிந்த சனிக்கிழமை கோயிலின் கீழ்த்தளச் சமையலறையில் பியராக் செய்துகொண்டிருந்தோம். கோஸும் மாட்டுக்கறியும் உள்ளே வைத்துச் சுடுகிற பன். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் வைத்தால் அரை மணியில் காலியாகிவிடும். மாவைத் தேய்த்தது நான். எதிரே நின்று கறியை வைத்து மூடியது என் நாத்தனார் ஜோலீன். அர்பனுக்குத் தங்கை, எனக்குத் தலைவலி. கீழ்த்தளத்திலேயே ஒரு அறையில் குழந்தைத் துணி, டயப்பர், பால்மாவு எல்லாம் அடுக்கி வைத்து, வருகிற பெண்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் வேலையைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை மறைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அடுத்த தடவை எத்தனை பிரச்சாரப் பலகை நடப்போறீங்க, அண்ணி?"

"இருநூறு கூடுதலா."

"பலகைய பாத்துட்டு யாராவது ஒருத்தி புள்ளைய வெச்சுக்கிட்டாளா? சொல்லுங்க. ஒரே ஒருத்தி."

"உன் டயப்பர பாத்துட்டு கிழக்க ஒருத்தன் ஓட்ட மாத்திப் போட்டானாடி? நீயும் சொல்லு."

"ஜனங்க மனசு மாறாம சட்டத்தப் போட்டா, அடுத்த தேர்தல்ல அவனுங்க எடுத்துடுவாங்க. மனசு மாறட்டும். சட்டம் தானா பின்னாடி வரும்."

"வரும், வரும். அதுவரைக்கும் குழந்தைங்க உள்ள பத்திரமா காத்துக்கிட்டு இருக்கும், இல்ல? ஜனங்க மனசு மாறியா உங்க அண்ணன் கார்ல பெல்ட்டு போடறாரு? சட்டம் வந்துச்சு, அபராதம் கட்டினாரு, போடறாரு."

ஜோலீன் சிரித்தாள். "எங்க போடறாரு? போலீஸ் வண்டி கண்ணுல பட்டாதான் இழுத்து மாட்டறாரு. அது தாண்டினதும் கழட்டிடறாரு. அதைத்தானே நானும் சொல்றேன்?"

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்தச் சண்டை எங்களுக்குள் பத்து வருஷத்துச் சண்டை. அவள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நல்ல மனசு மட்டும் போதும் என்றால் உலகத்தில் எந்தச் சட்டமுமே தேவைப்பட்டிருக்காது. இதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அவள் சட்டென்று கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை.

"அண்ணி, எனக்கு ஒரு ஓட்டு வேணும்."

"உனக்கா?"

"டாரினுக்கு."

டாரின் ஷோன்பெர்கர் எங்கள் கோயில் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. வயிற்றில் மூன்று மாதம். அதற்குக் காரணமான பையன் டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன் போனவன்தான், போனை எடுப்பதில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை என்பதால் யாருக்கும் தெரியாத மாதிரி நடந்துகொண்டிருந்தோம். எங்கள் ஊரில் மரியாதை என்றால் அதுதான்.

பள்ளி ஒப்பந்தத்தில், டீச்சர்கள் திருச்சபை போதிக்கிறபடி வாழ வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது யாரும் அதை இரண்டாவது தடவை படிப்பதில்லை. அந்த வரியின்படி டாரினை வேலையில் வைத்திருக்கக் கூடாது. வேலை போனால் மருத்துவ இன்சூரன்ஸும் போகும். அம்மா இல்லாத பெண். அப்பா, விஷயம் தெரிந்த நாளிலிருந்து பேசுவதில்லை.

"உன் ரூமுக்குத் துணி வாங்க வந்தாளா?" என்று கேட்டேன்.

"துணி வாங்க வரல. அவ விச்சிட்டா கிளினிக்குல கலைக்கத் தேதி வாங்கிட்டா. அடுத்தது இல்ல, அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. என்கிட்ட எதுக்குச் சொன்னான்னு அவளுக்கே தெரியல. அழக்கூட இல்ல, அண்ணி. வேல போச்சுன்னா என்னால முடியாதுன்னு மட்டும் சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"காபி போட்டுக் குடுத்தேன். புத்தி சொல்ல வாய் வரல. இப்ப அவளுக்கு என் டயப்பர் வேண்டாம், வேலதான் வேணும். அதைக் குடுக்கற எடத்துல நீங்கதான் இருக்கீங்க."

உண்மைதான். பள்ளிக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு குழு உண்டு. ஃபாதர் கிலியன்தான் கடைசி முடிவு எடுப்பவர் என்றாலும், குழு சொன்னதற்கு மாறாக அவர் ஒருநாளும் நடந்ததில்லை. அந்த ஐவரில் நான் ஒருத்தி. டெல்பர்ட் வெர்த் தலைவர். ஒரு பல் டாக்டர், அவர் டெல்பர்ட் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் சாய்வார். மூன்று பிள்ளைகளைப் பெற்ற கென்ட்ரா, அவள் டாரின் பக்கம்தான் நிற்பாள். ஐந்தாவது லைனஸ் என்கிற விவசாயி. கூட்டத்தில் அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"மூணு கை போதும்," என்றேன். "நான், கென்ட்ரா, லைனஸ். வாங்கித் தரேன்."

மாவுக் கையோடு நின்ற என்னை ஜோலீன் கட்டிக்கொண்டாள். ஓட்டால் என்ன ஆகும் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்டவள். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

லைனஸை அவர் சோளக்காட்டு ஓரத்தில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டே கேட்டார். எங்கள் ஏலங்களில் அவர் கை தூக்குவதற்கு முன்னால் ஒருதரம் மூக்கைச் சொறிவார். அன்றும் சொறிந்தார்.

"அந்தப் பொண்ணுதான் என் பேரனுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்துச்சு," என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் கை என் பையில் விழுந்துவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று கை வந்துவிட்டது. ஆனால் மாநிலத்தில் தோற்றுவிட்டு வந்திருந்த எனக்கு மூன்றுக்கு இரண்டு என்று ஜெயிப்பது ருசிக்கவில்லை. ஐந்து கையும் வேண்டும், டெல்பர்ட்டின் கையும் வேண்டும் என்று ஆசை வந்தது. இந்தத் தேர்தலில் எனக்கு வலது கையாக இருந்தவர் டெல்பர்ட். வெயிலில் அலைந்து பலகை நட்டவர், நடக்க முடியாத கிழவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனவர். அவரே கை தூக்கிவிட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அவரை அவருடைய வண்டிக் கொட்டகையில் பார்த்தேன். அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. பூட்ஸோடு பேசினேன்.

"இமெல்டா, நானும் நீயும் சேர்ந்துதானே இந்தப் பலகையெல்லாம் நட்டோம்?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இப்ப பாவத்துக்குச் சம்பளம் குடுக்கச் சொல்றியா?"

"பாவத்துக்கு இல்ல, டெல்பர்ட். டீச்சருக்கு."

"பசங்க கேப்பாங்க. ஏழு வயசுப் பசங்க. மிஸ்ஸுக்கு வயிறு ஏன் பெருசா இருக்கு, மிஸ்ஸோட புருஷன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? ஒப்பந்தத்துல எதுக்கு அந்த வரி போட்டிருக்கோம்?"

"அந்த வரி ஒரு குழந்தையக் கொல்லப்போகுது. அது தெரியுதா?"

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் கிரீஸ். கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார். கொஞ்ச நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ வேல போக வேண்டாம். அது எனக்கும் தெரியுது," என்றார். "ஆனா வகுப்புல வேண்டாம். லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கே, புஸ்தகத்துக்கு அட்டை போடற ரூம், அங்க உக்காரட்டும். குழந்தை பொறந்து வந்தப்புறம் பாத்துக்கலாம். சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் அப்படியே. இதுன்னா என் கையும் உண்டு, டாக்டர் கையும் உண்டு."

எனக்கு வாயெல்லாம் பல். ஏலத்தில் கடைசி நேரத்தில் பெரிய கை ஒன்று எழுந்தால் வருகிற சந்தோஷம் அது. சரி என்று அவர் கிரீஸ் கையைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஐந்து கைகளும் ஒன்றாக எழுந்தன. ஃபாதர் கிலியன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றார். சண்டை இல்லாமல் ஒரு கூட்டம் முடிந்தாலே அவருக்குப் போதும். நான் அர்பனுக்குப் போன் போட்டு ஐந்துக்கு ஐந்து என்றேன். "வித்தாச்சு!" என்று ஏலக் குரலில் கத்தினார்.

வெள்ளிக்கிழமை டாரினிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாரும் சொல்ல நான் விடுவேனா? இரண்டாம் வகுப்பு அறையில் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் எழுத்துகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். குட்டை நாற்காலிகள் எல்லாம் மேஜைமேல் கவிழ்ந்திருந்தன. என்னைப் பார்த்ததும் கீழே இறங்கினாள்.

"வேல போகல," என்றேன். "அஞ்சு பேரும் சேர்ந்து சொல்லிட்டாங்க. டெல்பர்ட் உட்பட."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதுதான் கஷ்டம். ஒரு நொடி அது மலர்ந்து நின்றது. அப்புறம் நான் லைப்ரரி அறையைப் பற்றிச் சொன்னேன். நல்ல அறை, வேலை லேசு, காலுக்கு ஓய்வு என்று விற்பனைக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே போனேன்.

"அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது," என்றாள் டாரின்.

"ஃபேன் போட்டுத் தரச் சொல்றேன்."

"நான் காத்துக்காகச் சொல்லல, மிசஸ் வாசிங்கர். யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே அந்த ரூம்?"

"பசங்க சின்னப் பசங்க, டாரின். கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டுமே. குழந்தை வரப்போகுதுன்னு சொல்லுவேன். அவங்க வீட்டுலயும்தான் தம்பி பாப்பா, தங்கச்சி பாப்பா வருது." அவள் குரல் ஏறவே இல்லை. "உங்க வீட்டு முன்னாடி பலகை வெச்சிருந்தீங்க. குழந்தை கடவுள் குடுக்கற வரம்னு பெரிய எழுத்துல. தினமும் அந்த வழியாதான் நான் வேலைக்கு வரேன். என் குழந்தை மட்டும் பாக்கக் கூடாத பொருளா? ஒளிச்சு வெக்கணும்னா விச்சிட்டாவுலயே ஒளிச்சிடலாம். அங்க ஒரு நாள்ல முடிஞ்சிடும். இங்க ஆறு மாசம் ஆகும்."

அவள் மறுபடி நாற்காலியில் ஏறி, ஒட்டின எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க ஆரம்பித்தாள். அடுத்து வருகிற டீச்சர் தனக்குப் பிடித்தபடி ஒட்டிக்கொள்ளட்டும் என்றாள்.

நேராக ஜோலீன் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுவிட்டு, கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள்.

"மூணு கை போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அஞ்சும் இருந்தா ஊர் வாயை மூடிடலாம்னு பாத்தேன்."

"ஊர் வாயை மூடினீங்களா, அவளை மூடினீங்களா? லைனஸ் கை வந்தாச்சு. கென்ட்ரா கை வந்தாச்சு. உங்க கை இருக்கு. அவ வகுப்புல நின்னிருப்பா. உங்களுக்கு அது பத்தல. டெல்பர்ட் கையும் வேணும். ஜெயிச்சது பத்தாது, எல்லாரும் கைதட்டவும் செய்யணும், இல்ல?"

"கத்தாதடி."

"கத்துவேன். அண்ணி, யோசிச்சுப் பாருங்க. மாதாவே வயித்துப் புள்ளையோட இந்த ஊருக்கு வந்திருந்தா அட்டை போடற ரூமுக்குத்தான் அனுப்பியிருப்போம். அதுவும் அஞ்சுக்கு அஞ்சு ஓட்டுல."

அடி சரியான இடத்தில் விழுந்தது. எரிச்சலில் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அவள் சொன்னது தப்பு என்பதால் வந்த எரிச்சல் இல்லை அது. சனிக்கிழமை காலையில் ஃபாதருக்குப் போன் போட்டு, கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள், அந்த லைப்ரரி ஏற்பாட்டை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அடுத்த கூட்டம் செப்டம்பர்ல, இமெல்டா," என்றார் ஃபாதர் கிலியன். "எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க. நீயேதானே கேட்ட? நீயேதானே கை தூக்கின?"

செவ்வாய்க்கிழமை டாரினுக்குத் தேதி. செப்டம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நடுவில் திங்கட்கிழமை மாதாவின் விண்ணேற்புத் திருநாள். எங்கள் முன்னோர் ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்த வழக்கம் ஒன்று அன்றைக்கு உண்டு. பெண்கள் அவரவர் தோட்டத்திலிருந்து புதினா, சோம்பு, கோதுமைக் கதிர், சூரியகாந்தி எல்லாவற்றையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மாதா பீடத்தில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் அவற்றை மந்திரிப்பார். பிறகு கருவுற்ற பெண்களை முன்னால் அழைத்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, ஆளுக்கொரு கட்டு கொடுப்பார். அந்தக் கட்டுகளைக் கட்டுவது டெல்பர்ட்டின் மனைவி அல்வினா. கூடையில் ஏந்தி ஃபாதருக்குப் பின்னால் நடப்பது டெல்பர்ட். இத்தனை வருஷத்தில் இது மாறினதே இல்லை.

அன்று மாலைப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. நானும் ஜோலீனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம், பேச்சு இல்லாமல். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் டாரின். சீக்கிரம் எழுந்து போகிறவர்கள் உட்காருகிற இடம்.

ஃபாதர் தாய்மார்களை அழைத்தார். மூன்று பேர் எழுந்து போனார்கள். மூன்று பேருக்கும் பக்கத்தில் புருஷன். டெல்பர்ட்டின் கூடையில் மூன்று கட்டு. அல்வினா எண்ணித்தான் கட்டியிருந்தாள். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது எங்கள் எல்லாருக்குமே முன்கூட்டியே தெரிந்திருந்தது. யாரிடமும் ஓட்டுக் கேட்காமலே ஊர் முழுக்க ஒரே பக்கம் கை தூக்கியிருந்தது.

நான் வரிசையிலிருந்து எழுந்தேன். ஜோலீன் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "எங்க?" என்றாள். "உன் வேலையப் பாக்க," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நடந்தேன். என் செருப்பு போட்ட சத்தத்தில் பாதிக் கோயில் திரும்பிப் பார்த்தது.

டாரினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உன்னையும் கூப்பிடச் சொல்லட்டுமா?" என்றேன் மெல்ல. மெல்லப் பேசுவது எனக்கு வராத வித்தை.

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். வேண்டாம்னு சொல்லு, எழுந்து போயிடறேன். இனிமே தொந்தரவு பண்ணல."

அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். முன்னால் ஃபாதர் இரண்டாவது பெண்ணின் தலையில் கை வைத்திருந்தார்.

"என்னால அவ்வளவு தூரம் நடந்து போக முடியாது," என்றாள். "இத்தனை பேர் நடுவுல. என்னால முடியாது."

"நீ எதுக்கு நடக்கணும்? அவரு நடப்பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. ஆனாலும் ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

நானும் எழுந்தேன். மாட்டுச் சந்தையின் கடைக்கோடி வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு.

"ஃபாதர்! இங்க இன்னும் ஒருத்தங்க இருக்காங்க!"

ஃபாதர் கிலியன் மூன்றாவது பெண்ணுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி நின்றார். அவர் முகத்தில் வழக்கமான பயம் தெரிந்தது. அடுத்த கூட்டம் வரைக்கும் இதைத் தள்ளிப்போட வழி இருக்கிறதா என்று தேடியிருப்பார். வழி இல்லை. மூன்றாவது பெண்ணை ஆசீர்வதித்து முடித்துவிட்டு, படியிறங்கி, நடுப்பாதையில் எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

டெல்பர்ட் அசையவில்லை. காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டு பீடத்தருகிலேயே நின்றார். நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர் நம்பினதை அவர் அன்றைக்கும் நம்பினார். எழுந்தது அல்வினாதான். முதல் வரிசையிலிருந்து வெளியே வந்து, பீடத்திலிருந்து தன் வீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டாள். புருஷன் கையிலிருந்த கூடையை வாங்கி அதற்குள் வைத்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஃபாதருக்குப் பின்னால் நடந்து வந்தாள். முப்பது வருஷத்தில் அந்தப் பெண்மணி கூட்டத்தில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஃபாதர் டாரினின் தலையில் கை வைத்தார். புருஷனையும் சேர்த்துச் சொல்கிற வரி ஒன்று அந்த ஜெபத்தில் உண்டு. அந்த இடம் வந்ததும் தடுமாறினார். பிறகு, "இவளைச் சுற்றி நிற்கிற எல்லாரையும்," என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அதற்குள் ஜோலீன் வந்து இன்னொரு பக்கம் நின்றிருந்தாள். லைனஸ் தன் இடத்திலேயே எழுந்து நின்றார். கென்ட்ரா எழுந்தாள். பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். மீதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். எத்தனை பேர் என்று அப்புறம் அர்பன் கேட்டார். எண்ணவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நிஜமாகவே எண்ணவில்லை, கண்ணைக் கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது.

அல்வினா கட்டை டாரினிடம் நீட்டினாள். "சோம்பு கொஞ்சம் காஞ்சு போச்சும்மா," என்றாள். "தண்ணியில வை."

வெளியே வந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வந்து டாரினின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். டெல்பர்ட் அல்வினாவுக்காகக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்த தேர்தலுக்குப் பலகை நட வேறு ஆள்தான் தேட வேண்டும்.

"பாத்தீங்களா, அண்ணி," என்றாள் ஜோலீன். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "ஓட்டு இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஓட்டு இருக்குடி. செப்டம்பர்ல அந்த ஒப்பந்த வரிய எடுக்கணும்னா ஓட்டுதான் போடணும். இன்னைக்கு எழுந்து நின்னவங்க நாளைக்கு உக்காந்துடுவாங்க. எழுதி வெக்கறதுதான் நிக்கும்."

"அஞ்சுக்கு அஞ்சா?"

"மூணு போதும்," என்றேன். "வாயை மூடு."

டாரின் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தப் பச்சைக் கட்டு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது மூன்று பேருக்கும் தெரியும். யார் அதைக் கேட்பது? வாய்க்காரி நான்கூடக் கேட்கவில்லை. அவளைக் கட்டாயப்படுத்த என்னிடம் சட்டமும் இல்லை, அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதும் அன்றைக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை.

அவளே பேசினாள்.

"மிசஸ் வாசிங்கர், நாளைக்குக் காலையில உங்களுக்கு வேல இருக்கா?"

"எதுக்கு?"

"சுவத்துல எழுத்தெல்லாம் பிச்சுட்டேன். திரும்ப ஒட்டணும். நாற்காலி மேல ஏறினா தல சுத்துது."

"ஆனா குழு சொன்னது லைப்ரரி…" என்று இழுத்தேன். பழக்கதோஷம்.

"நான் ரெண்டாங்கிளாஸ்லதான் நிப்பேன்," என்றாள் டாரின். "வயிறு பெருசானதும் பசங்க கேப்பாங்க, நான் சொல்லுவேன். வேண்டாம்னு நினைக்கறவங்க என் வகுப்பு வாசல்ல வந்து நின்னு கை தூக்கட்டும். என் முன்னாடி, பசங்க முன்னாடி."

எந்தக் கையும் எழாது. இத்தனை வருஷம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டேன்.